காற்று வரும் வழி

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், எங்கள் வீட்டு மேற்குச் சுவரிலிருந்த ஜன்னலின் ஒரு கதவு, யாரும் தொடாமலேயே கழன்று உள்ளே விழுந்தது. தினமும் திறந்து மூடுகிற ஜன்னலாக இருந்தால் இதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. ஏறக்குறைய ஐம்பது வருஷ காலம் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்து மூடிக் கிடந்த ஜன்னல் அது. கட்டிலில் படுத்திருந்த அம்மா சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தாள். சுவரில் திடீரென்று முளைத்த வெளிச்சத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு, “ஏஞ்சாமி, காத்து வருது பாரு” என்றாள்.

‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பதைத் தஞ்சாவூர்க்காரர் சொன்னால் அது அலங்காரம். திருப்பூர், பல்லடம், உடுமலைப்பேட்டைக்காரர் சொன்னால் பாதியாவது உண்மை. மதில்போல் நீண்டு வருகிற மேற்குத் தொடர்ச்சி மலை, பாலக்காட்டுக்கு அருகே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப் போயிருக்கிறது. அரபிக் கடலிலிருந்து வரும் பருவக் காற்று அந்தச் சந்தில் நெருக்கிப் புகுந்து, வேகம் பெற்று, எங்கள்மீது வந்து விழுகிறது. மழையை மலையாளத்தில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வருகிறது. எங்களுக்கு ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். காற்றுக்கு மட்டும் பஞ்சமில்லை. பல்லடத்துக்கும் உடுமலைப்பேட்டைக்கும் இடையில் 1990-களிலிருந்து வரிசை வரிசையாகக் காற்றாலைகள் முளைத்தது இதனால்தான். இப்படிப்பட்ட ஊரில் மேற்குச் சுவரில் ஜன்னல் வைப்பது யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். மூடுவதும் அப்படியே. எங்கள் வீட்டில் வைத்தவர் என் பாட்டனார். மூடியவர் என் தகப்பனார். மறுபடி வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

தெரிந்த தச்சர் ஒருவரைக் கூப்பிட்டேன். வயது எழுபதுக்கு மேல். “மூணு வாரம் பொறுங்க தம்பி. பசங்க ரெண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போயிட்டானுங்க. நான் ஒருத்தன்தான்” என்றார். ஆயத்த ஜன்னல் விற்கும் கடையிலிருந்து வந்த இளைஞர், சுவரின் நீளத்தையும் என் சட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான், இந்தக் காரியத்தை நானே செய்து பார்த்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. கதை எழுதிப் பிழைக்கிறவன் உளியும் சுத்தியலும் எடுப்பதைக் கண்டால் அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். சிரித்தார்கள். ஆனால் சுவரை உடைப்பதற்கு முன் சில புத்தகங்களைப் புரட்டினேன். எனக்கு ஓரளவு தெரிந்த வேலை அது ஒன்றுதானே!

‘ஜன்னல்’ என்ற சொல்லே நம்முடையதல்ல. போர்ச்சுக்கீசியர் 1498க்குப் பிறகு நம் கரைகளில் இறக்கிய சரக்குகளில் ஒன்று. மேசை, அலமாரி, சாவி, வராந்தா எல்லாம் அதே கப்பலில் வந்தவை. அவர்கள் ‘ஜனேலா’ என்றார்கள். நாம் ஜன்னல் ஆக்கினோம். சிங்களவர் ‘ஜனேலய’ என்கிறார்கள். மலாய்க்காரர் ‘ஜெண்டேலா’ என்கிறார்கள். வாசலைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் குறுக்கம் இது. அதாவது, குட்டி வாசல்.

அதற்கு முன் நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. காலதர் என்றார்கள். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லும்போது மானின் கண்ணைப் போன்ற காலதர்களைச் சொல்கிறது. பல கண்களை உடையது பலகணி. வடமொழிக்காரர் கவாட்சம் என்று மாட்டின் கண்ணைக் கண்டார்கள். எங்கோ பனிக்கட்டி தேசத்திலிருந்த வைக்கிங்குகளின் மொழியில் ‘காற்றின் கண்’ என்று பொருள்படும் சொல்தான் இங்கிலாந்துக்குப் போய் ‘விண்டோ’ ஆயிற்று. ஒருவரையொருவர் கண்டிராத மனிதர்கள், சுவரில் ஒரு துளை போட்டதும் ஒரே மாதிரி காற்றையும் கண்ணையும் நினைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இத்தனை பெயரிலும் வெளிச்சம் என்ற பேச்சே இல்லை. வெளிச்சத்துக்காக ஜன்னல் என்பது கண்ணாடி வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம்.

கண்ணாடியைப் பற்றி எங்கள் பக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஜன்னலுக்குக் கண்ணாடி பதிக்க முதலில் கற்றவர்கள் ரோமானியர்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செனகா என்ற தத்துவ ஆசிரியர், தம் காலத்தில் வந்த புதுமைகளைச் சற்று அலுப்போடு குறிப்பிடுகையில், வெளிச்சத்தை ஊடுருவ விடும் பலகணித் தகடுகளையும் சேர்த்துச் சொல்கிறார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் ரோமானிய வியாபாரிகளின் பொன்னும் வெள்ளியும், நான் மேலே சொன்ன அந்தப் பாலக்காட்டுச் சந்து வழியாக, கொங்கு நாட்டுக்குள் வந்துகொண்டிருந்தன. காங்கயத்துக்கு அருகிலுள்ள படியூரில் கிடைத்த பெரில் என்ற பச்சைக்கல்லின்மீது அவர்களுக்கு அபார மோகம். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் கல்லை அறுத்து மணியாக்கிய பட்டறைகளை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். கத்தாங்கண்ணியிலும் வெள்ளலூரிலும் ரோமானிய நாணயப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன. கடல் நீரைப்போல் தெளிந்த அந்தக் கல்லின் பெயரிலிருந்துதான் ஜெர்மானியர் மூக்குக் கண்ணாடிக்கு ‘பிரில்லே’ என்று பெயர் வைத்தார்கள். ஊடுருவிப் பார்க்கக்கூடிய கல்லை நாம் அவர்களுக்குக் கொடுத்தோம். ஊடுருவிப் பார்க்கக்கூடிய ஜன்னல் எங்கள் ஊர்ச் சாதாரண வீடுகளுக்கு வந்து சேர அதற்குப் பிறகு 1800 வருஷங்களுக்குமேல் ஆயிற்று.

அவசியம் இல்லாததால் வரவில்லை என்றும் சொல்லலாம். கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நான்கு பக்கமும் அறை. நடுவே வானம் பார்த்த முற்றம். நான்கு கூரைகளின் தண்ணீரும் அந்தத் தொட்டியில் வந்து விழும். காற்றும் வெளிச்சமும் மேலிருந்து வரும். வெளிச் சுவர்களில் ஜன்னல் கிடையாது. இருந்தாலும் தாழ்வாரத்துக்குக் கீழே, ஒரு பூனை நுழையுமளவு. மேல்காற்றும் செம்மண் புழுதியும் ஒரு காரணம், திருடன் ஒரு காரணம். பெண்கள் தெருவைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை என்று ஆண்கள் தீர்மானித்ததும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். சொன்னால் எங்கள் உறவினர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

தெருவைப் பார்க்கும் ஜன்னலை எங்கள் பக்கத்துக்குக் கொண்டுவந்தது ரயில்தான் என்பது என் அபிப்பிராயம். சென்னையிலிருந்து மேற்குக் கரையிலுள்ள பேப்பூருக்கு 1862இல் இருப்புப்பாதை முடிந்தது. திருப்பூர் அந்தப் பாதையில் ஒரு நிலையம். போகும் வண்டியில் பஞ்சு போயிற்று. வரும் வண்டியில் இரும்புக் கம்பியும் கண்ணாடித் தகடும் வந்தன. மங்களூரில் பாஸல் மிஷன் பாதிரிமார் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு சீமை ஓடும் வந்தது. ஜன்னலைப் பெரிதாக்கியது கண்ணாடியல்ல, கம்பி. ஒரு விரல் தடிப்புள்ள இரும்புக் கம்பி ஆறு கிடைத்தால், திருடனை வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை உள்ளே விடலாம்.

இன்னொரு காரணம் பயம். 1896இல் பம்பாயில் பிளேக் புகுந்தது. காற்றும் வெயிலும் இல்லாத வீடுகளே நோய்க்குக் காரணம் என்று நம்பிய அதிகாரிகள், வீடு வீடாகப் புகுந்து கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நோய் கோயம்புத்தூர் வட்டாரத்தையும் ஆட்டிவைத்தது. கோவையிலுள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் அதன் ஞாபகம். உண்மையில் நோயைக் கொண்டுவந்தது எலியின்மேல் இருந்த தெள்ளுப் பூச்சி. ஸிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1898இல் கராச்சியில் அதைச் சோதித்துக் காட்டியும் பலர் வெகு காலம் நம்பவில்லை. தவறான காரணத்துக்காகச் செய்தாலும் ஜன்னல் நல்லதுதான். பிளேக்குக்கு உதவாவிட்டாலும் க்ஷயத்துக்கு உதவிற்று.

இதே ஐரோப்பாவில் ஜன்னலுக்கு வரி போட்டவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஒரு வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணி வசூலித்தார்கள். ஜனங்கள் செங்கல் வைத்து ஜன்னல்களை அடைத்தார்கள். பிரான்சில் 1798இல் போட்ட கதவு ஜன்னல் வரி 1926 வரை நீடித்தது. பணத்துக்காக மனிதன் தன் ஜன்னலைத் தானே அடைத்துக்கொள்வான் என்பதைப் படித்தபோது, நான் புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் மேற்குச் சுவரைப் பார்த்தேன்.

என் பாட்டனார் பஞ்சுக் கிடங்கொன்றில் எடை போடுபவராக இருந்தார். 1949இல் இந்த வீட்டைக் கட்டினார். முற்றமெல்லாம் கிடையாது. ஒற்றைச் சதுரம், முன் அறை, பின் அறை, சமையலறை. முற்றம் போனதால் காற்றுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. நான்கடி உயரம், மூன்றடி அகலத்தில் அந்த ஜன்னலை வைத்தார். உள்பக்கம் திறக்கும் பலகைக் கதவு இரண்டு. கிடங்கில் பஞ்சுத் தூசியில் நாள் முழுதும் நின்ற மனிதர், வீட்டுக்கு வந்ததும் அதன் அருகே துண்டை விரித்துப் படுத்துக்கொள்வாராம்.

திருப்பூரில் பின்னல் யந்திரம் 1930-களில் கால் ஊன்றியது. பைக்காரா மின்சாரம் இந்தப் பக்கம் வந்ததும் அதே பத்தாண்டில்தான். நான் சிறுவனாக இருந்தபோது ஊரில் பாதி வீடு, வீடாகவும் தொழிற்சாலையாகவும் இருந்தது. அப்பா 1976இல் கடன் வாங்கி இரண்டு பின்னல் யந்திரமும் ஒரு நூல் சுற்றும் யந்திரமும் வாங்கி முன் அறையில் நிறுத்தினார். இரண்டு வருஷம் கழித்து, 1978இல், வெரோனா என்ற இத்தாலியர் பம்பாய் வழியாக வந்து பனியன் துணிக்கு ஆர்டர் கொடுத்தார் என்பதும், ஏற்றுமதி அங்கிருந்து பெருகியது என்பதும் ஊரறிந்த கதை. எங்கள் வீட்டுக்கு வெரோனா வரவில்லை. பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு நெய்து கொடுக்கும் ஜாப் ஒர்க்தான்.

யந்திரம் வந்த முதல் ஆடியிலேயே அப்பா ஜன்னலைப் பார்த்து முறைக்க ஆரம்பித்தார். காரணம் இருந்தது. மேல்காற்று அடித்தால் கோனிலிருந்து இறங்கும் நூல் ஆடும். ஆடினால் ஊசி தவறும். துணியில் ஓட்டை விழும். செம்மண் புழுதி வெள்ளைத் துணியில் படிந்தால் கம்பெனிக்காரர் கூலியைப் பிடித்துக்கொள்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, பருத்தி நூல் ஈரத்தைக் குடித்தால்தான் பலமாக இருக்கும். காய்ந்தால் அறும். லங்காஷயரில் நெசவு நன்றாக நடந்ததற்கு அந்த ஊரின் ஈரக் காற்றும் ஒரு காரணம். அது போதாதென்று அங்கே ஆலைக்குள் நீராவியை விட்டார்கள். தொழிலாளிகள் நனைந்து கிடந்ததால் 1889இல் அந்த நீராவிக்கு அளவு வைத்துச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. அப்பாவுக்கு லங்காஷயரைத் தெரியாது. சாக்கை நனைத்துத் தொங்கவிடத் தெரியும். ஜன்னலைச் சாத்தினார், குறுக்கே ஒரு பலகை வைத்தார், எட்டு ஆணி அடித்தார். நூல் அறுவது நின்றது.

அந்த அறையில் அம்மா இருபது வருஷம் நூல் சுற்றினாள்.

1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தை இந்தக் கட்டுரைக்காக எடுத்துப் படித்தேன். அந்தக் காலத்தில் அது என்ன சொல்லிற்று என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. 13ஆம் பிரிவு, காற்றோட்டம். 14ஆம் பிரிவு, தூசி. 17ஆம் பிரிவு ஜன்னல் கண்ணாடியை உள்பக்கமும் வெளிப்பக்கமும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்றுகூடச் சொன்னது. எழுதியவர் யாரோ, ஜன்னலின்மேல் பிரியமுள்ளவராக இருந்திருக்க வேண்டும். ஆனால் மின்சாரத்தில் வேலை நடக்கிற இடத்தில் பத்துப் பேராவது இருந்தால்தான் பொதுவாக அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலை. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, சித்தப்பா, கூலிக்கு இரண்டு பேர். ஆக ஐந்து. திருப்பூரின் பெருமை என்று எல்லோரும் பேசும் சிறு தொழில் என்பது, பெரும்பாலும் அந்த எண்ணுக்குக் கீழே நின்ற வீடுகள்தான்.

அம்மாவுக்கு இருமல் எப்போது தொடங்கியது என்று அவளுக்கே நினைவில்லை. ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. சனிக்கிழமை இரவு கூலிக் கணக்கு முடித்து, ஞாயிற்றுக்கிழமை யந்திரத்துக்கு எண்ணெய் போட்டு ஓய்வு. “திங்கக்கெழமைன்னா நெஞ்சைக் கட்டிக்கும் கண்ணு. செவ்வாக்கெழமை சரியாப் போயிரும்” என்று சொல்லுவாள். எங்கள் வீட்டில் அதைத் திங்கட்கிழமை ராசி என்று கேலி செய்ததுண்டு. நானும் செய்திருக்கிறேன்.

இத்தாலிய வைத்தியர் ராமஸினி 1700இல் தொழிலாளிகளின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சணலும் ஆளிநாரும் சிக்கெடுக்கிறவர்கள் ஓயாமல் இருமுவதையும், நாரிலிருந்து பறக்கும் தூசியையும் அவர் சேர்த்தே எழுதியிருக்கிறார். பின்னால் லங்காஷயர் வைத்தியர்கள் பஞ்சாலைத் தொழிலாளிகளிடம் இதையே கண்டார்கள். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மறுநாள் தளரும், வருஷங்கள் போனால் எல்லா நாளும் இறுகும். பிஸினோஸிஸ் என்று அதற்குப் பெயர். பஞ்சைச் சிக்கெடுக்கும் அறையில்தான் அது அதிகம்; பின்னல் அறையில் தூசி குறைவு. அம்மாவைப் பார்த்த டாக்டர் சீட்டில் எழுதியது ஆஸ்துமா என்றுதான். நான் வைத்தியனல்ல. ஆனால் புத்தகத்தில் ‘திங்கட்கிழமை’ என்ற வார்த்தையைக் கண்ட இடத்தில் மேலே படிக்க முடியாமல் எழுந்து போனேன்.

1984இல் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூல் வரவில்லை, எங்கள் வீட்டு யந்திரமும் நின்றது. கடைக்காரரிடம் கடன், அரிசிக்குப் பதில் கம்பு. அந்த நாலு மாதம் அம்மா இருமவில்லையாம். “பனிக்காலம் போனதால் நின்றிருக்கும்” என்று அப்பா சொன்னாராம். அப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவரும் அதே அறையில்தான் நின்றார். அறுபது வயதைக் காணவில்லை.

இனி வேலைக்கு வருகிறேன்.

பழைய வீடுகளை இடித்துச் சாமான் விற்கும் கடையொன்றில் நான்கு கதவுள்ள தேக்கு ஜன்னல் கிடைத்தது. கீழே இரண்டு பலகைக் கதவு, மேலே இரண்டு கண்ணாடிக் கதவு. பர்மா தேக்கு என்றார் கடைக்காரர். அந்தக் கடைகளில் எல்லா மரமும் பர்மாவிலிருந்தே வருகிறது. எனக்கென்னவோ ஆனைமலைத் தேக்கு என்று தோன்றிற்று. டாப்ஸ்லிப் உச்சியிலிருந்து மரங்களைச் சரித்துவிட்டு மலையையே மொட்டையடித்த காலத்துக்குப் பிறகு, ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி அங்கே தேக்கு மறுபடி முளைக்க வழி செய்தார். கைத்தடியால் குழி குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று சொல்வார்கள். 1933இல் இறந்த அவர் டாப்ஸ்லிப்பிலேயே, அந்தத் தேக்குகளுக்கு நடுவில் அடக்கமாகியிருக்கிறார்.

தள்ளித் திறக்கும் நவீன ஜன்னல் ஏன் வேண்டாம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரிலேயே செயின்ட் கோபெய்ன் ஆலை 2000 முதல் அருமையான கண்ணாடி செய்கிறது, விலையும் சகாயம் என்றார். எல்லாம் சரி. ஆனால் இரண்டு கதவு ஒன்றின்மேல் ஒன்று நகரும் ஜன்னலில் எந்த நேரமும் பாதிதான் திறந்திருக்கும். எனக்கு முழுதும் வேண்டியிருந்தது.

செய்த தவறுகளை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய ஜன்னலை நான் ஒரே இடத்தில் அளந்தேன். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். அதுவும் பூச்சுக்குப் பூச்சு அல்ல. பூச்சைக் கொத்திவிட்டுச் செங்கல்லுக்குச் செங்கல். பாட்டனார் கட்டிய சுவர் மேலே மூன்றடி ஓர் அங்குலம் இருந்தது. கீழே மூன்றடிக்குக் கால் அங்குலம் குறைவு. வாங்கிவந்த நிலை சரியாக மூன்றடி. நிலையைச் சுற்றி அரை அங்குலமாவது சந்து விட்டால்தான் ஆப்பு வைத்து நேர் பார்க்க முடியும். ஆகவே இரண்டு நாள் உளியும் கையுமாக உட்கார்ந்து சுண்ணாம்புக் காரையைச் செதுக்கினேன். அந்தக் காலத்துக் காரை சாமானியத்தில் விடுவதில்லை.

பழைய நிலையைப் பெயர்த்தபோது ஒன்று பார்த்தேன். மரத்துக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த விரிசல் முழுதும் பஞ்சு. கையால் இழுத்தால் மெத்தையிலிருந்து வருவதுபோல் தொடர்ந்து வந்தது. மேலாகச் சாம்பல் நிறம், உள்ளே போகப் போக வெள்ளை. கரையான் மரத்தைத் தின்றிருந்தது, பஞ்சைத் தொடவில்லை. அம்மா அருகே வந்து அதை விரலால் உருட்டிப் பார்த்து, “நாப்பதாம் நம்பர் நூலு” என்றாள். நூலின் எண்ணைப் பறந்துபோன தூசியில் கண்டுபிடிக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நிலையைத் தூக்கி வைக்கப் பக்கத்து வீட்டுப் பையன் கை கொடுத்தான். கோணல் பார்க்க அந்த வயதான தச்சர் வழி சொன்னார்: மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு கயிறு பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே நீளமென்றால் மட்டம் சரி. எனக்கு முதலில் முக்கால் அங்குலம் வித்தியாசம் வந்தது. ஆப்புகளைத் தட்டித் தட்டி அதைச் சரியாக்கவே ஒரு முற்பகல் போயிற்று. பக்கத்துக்கு மூன்றாக ஆறு இரும்புப் பட்டைகள். ஒரு முனை நிலையில் திருகாணி போட்டு இறுக்கியது. பிளந்த மறுமுனை சுவருக்குள் கலவையில் புதைந்தது. கீழ்ப்பூச்சு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாரல் உள்ளே இறங்கும். ஏழு நாள் தண்ணீர் ஊற்றினேன். வெய்யில் நேரத்தில் இரண்டு தடவை.

கம்பி விஷயத்தில் அம்மாவுக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம். பழைய மாதிரியே கம்பிகளைச் சுவருக்குள் புதைத்துவிட வேண்டும், திருட்டுப் பயம் என்றாள். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். 2012 செப்டம்பர் 11ஆம் தேதி கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. 250 பேருக்கு மேல் மாண்டார்கள். வெளியேறும் வழிகள் பூட்டியிருந்தன. ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் இரும்புக் கம்பி. இரண்டரை மாதம் கழித்து நவம்பர் 24ஆம் தேதி டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் 112 பேராவது இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலர் ஜன்னல் கம்பிகளை உடைத்துக்கொண்டு குதித்தவர்கள். எங்களைப்போல் உலகத்துக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறவர்கள் அவர்கள். அதே வெளிநாட்டுக்காரர்கள் அங்கேயும் ஆர்டர் கொடுக்கிறவர்கள். திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளின் தரையில் வாசலைக் காட்டும் அம்புக்குறிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு ஊர்களும் ஞாபகத்துக்கு வரும். போர்ச்சுக்கீசியன் குட்டி வாசல் என்று பெயர் வைத்ததில் அர்த்தம் இல்லாமல் போகவில்லை.

கடைசியில் இருவருக்கும் பொதுவாக ஒரு வழி கண்டோம். கம்பிகளைத் தனிச் சட்டத்தில் பற்றவைத்து, கீல் போட்டு, உள்ளிருந்து திறக்கும்படி பூட்டு. சாவி, ஜன்னலுக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. அப்பா அடித்த எட்டு ஆணிகளில் ஒன்று துருப்பிடிக்காமல் இருந்தது, அதைத்தான் அடித்தேன்.

கொசு வலையும் போட்டாயிற்று. மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதை உலகத்துக்கு நிரூபிக்க, 1900இல் ஸாம்பன், லோ என்ற இரண்டு வைத்தியர்கள் ரோமாபுரிக்கு அருகேயுள்ள சதுப்பு நிலத்தில் ஜன்னலுக்கு வலை அடித்த ஒரு குடிசையில் மாதக்கணக்கில் தங்கிக் காய்ச்சலின்றித் திரும்பினார்கள். எங்கள் வலையில் கொசு படுவதைவிடப் பஞ்சுதான் அதிகம் படுகிறது. இரண்டு வீதி தள்ளி இன்னும் யந்திரங்கள் ஓடுகின்றன. வாரத்துக்கு ஒருமுறை தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டியிருக்கிறது.

எட்டாம் நாள் சாயங்காலம் ஆப்புகளைத் தட்டி எடுத்துவிட்டு நான்கு கதவையும் திறந்தேன். அம்மா கட்டிலை இழுத்துப் போடச் சொன்னாள். அரை மணி நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி வண்டிக்காரர் போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். மொபெட்டில் வெட்டுத்துணி மூட்டையை வைத்துக்கொண்டு ஒருவர் போனார். ஐம்பது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறவள், தெருவின் எதிர் வரிசையில் ஒரு வேப்பமரம் இருப்பதைக் கட்டிலில் இருந்தபடியே பார்த்தது அன்றுதான்.

இருட்டியதும் மேல்காற்று வலுத்தது. நாட்காட்டித் தாள்கள் படபடத்தன.

“ரொம்ப அடிக்குது சாமி, சாத்திப் போடு” என்றாள்.

கீழ்க் கதவு இரண்டையும் சாத்தினேன். மேலே இரண்டும் திறந்தே இருந்தன. அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.